காது உயரத்துச் சுமைதாங்கி

எங்கள் ஊருக்கு வழி கேட்கிறவர்களிடம் மலையை அடையாளமாக யாரும் சொல்வதில்லை. திருத்தணி மலை எங்கே நின்று பார்த்தாலும் தெரிகிறது. களத்திலிருந்து தெரிகிறது, கிணற்றில் நீர் இறைக்கும்போது தெரிகிறது, சுடுகாட்டிலிருந்தும் தெரிகிறது. எல்லா இடத்திலிருந்தும் தெரிகிற ஒன்றை வைத்து வழி சொல்ல முடியாது. அதனால் எங்கள் அடையாளங்கள் எல்லாம் தரையோடு ஒட்டியவை. "ரயில் கேட்டத் தாண்டி வா, எருமைப்பாறகிட்ட எடது கைப்பக்கம் திரும்பு, ரெட்டைப்பன வரும், அங்கேருந்து ஏரிக்கர மேலயே வா, மதகு வந்தா ஊரு வந்துட்ச்சி" என்பார்கள். ரெட்டைப்பனையில் ஒன்று இடி விழுந்து தலை போய் வெறும் கம்பமாக நிற்கிறது. அதற்காகப் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. எருமைப்பாறையில் எருமையின் சாயல் எதையும் நான் கண்டதில்லை. கறுப்பாக இருக்கும், படுத்துக் கிடக்கும், வெயிலில் கிட்டப் போக முடியாது. அவ்வளவுதான் ஒற்றுமை.

கொஞ்ச காலமாக இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. எருமைப்பாறைக்கும் ரெட்டைப்பனைக்கும் நடுவில் "நெட்டைக்கல்லு". ஊருக்குப் புதிதாக வருகிறவர்கூடப் பெயரைக் கேட்டதும் தப்பாமல் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு கல் தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக்கல். சுமைதாங்கிதான், ஆனால் மற்ற ஊர்களில் இருப்பதைவிட உயரம். அது என் அக்காவுக்காக வைத்த கல்.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். பரீட்சை தேறியபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கட்டுப்பாடு வந்திருந்த சமயமாதலால், திருத்தணி ரேஷன் ஆபீஸில் தற்காலிகக் குமாஸ்தாவாக எடுத்துக்கொண்டார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று ஊரில் பேச்சு. உட்காருவதற்கு முன்னால் நடக்க வேண்டும், எழுந்த பிறகும் நடக்க வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது கால் மட்டுமல்ல, வாயும் ஓய்ந்திருக்கும். நாள் முழுக்க "இல்லை", "அடுத்த வாரம் வாங்க" என்று சொன்ன வாய். வீட்டுக்கு வந்தால் விளக்குக்கு எண்ணெய் இருக்காது. ரேஷன் ஆபீஸ்காரன் வீட்டிலேயே எண்ணெய் இல்லை என்றால் யார் நம்பப் போகிறார்கள்.

காலையில் அந்த வழியில் பார்க்கிற முகங்கள் எல்லாம் பழகியவை. தறி நெய்கிறவர் ஒருவர் தோளில் துணி மூட்டையோடு வருவார். நூல் கிடைக்காத காலம். மூட்டை வரவர இளைத்துக்கொண்டே போனது, கூடவே அவரும். கரி பஸ் ஒன்று வரும். பெட்ரோல் இல்லாததால் பின்பக்கம் ஒரு பெரிய பீப்பாயில் கரியைப் போட்டு எரித்து, அதில் வருகிற வாயுவில் ஓட்டினார்கள். எருமைப்பாறை ஏற்றத்தில் அதற்கு மூச்சு வாங்கிவிடும். கண்டக்டர் இறங்கி, "டிக்கெட் வாங்கினவங்கல்லாம் எறங்கித் தள்ளுங்க" என்பான்.

"டிக்கெட் வாங்காதவன் இன்னா பண்றது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும்.

"நீ ஒக்காரு மாப்ளே. உன்னியும் சேத்துத் தள்ளட்டும்."

தினமும் இதே பேச்சு. தினமும் யாராவது ஒருவர் சிரிப்பார்.

எல்லோருக்கும் முன்னால் போகிறவர்கள் விறகுக்காரிகள். மலையடிவாரத்து ஊரிலிருந்து இருட்டு பிரிகிறபோதே கிளம்பி, எங்கள் ஏரிக்கரை வழியாக ஒருத்தி பின்னால் ஒருத்தியாக டவுனுக்குப் போவார்கள். சத்திரங்களுக்கு விறகு, பஸ்ஸுக்குக் கரி. வழியில் அவர்களுக்கு இளைப்பாற இருந்தது ஒரே ஒரு இடம், ஏரி மதகின் கைப்பிடிச் சுவர். இடுப்பளவுச் சுவர் அது. தலைக் கட்டை அதில் இறக்க வேண்டுமானால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். மறுபடி ஏற்றிக்கொள்ளவும் ஆள் வேண்டும். கடைசியாக ஏற்றுகிறவளை யார் தூக்கிவிடுவது என்று அங்கே தினமும் ஒரு சண்டை நடக்கும்.

அக்காவைப் பள்ளிப்பட்டுப் பக்கம் கொடுத்திருந்தோம். முதல் பிரசவம் தாய் வீட்டில் என்று வளையல் அடுக்கி அழைத்து வந்தோம். நாள் இன்னும் இருந்தது. மாசியில் ஒரு பகல், வெயில் ஏறுகிற நேரம், வலி எடுத்தது. மருத்துவச்சி பார்த்துவிட்டு, "என் கையில ஒண்ணும் இல்ல, டவுனுக்குத் தூக்குங்க" என்றாள். கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கிளம்பினோம். முன்னால் நைனாவும் நானும், பின்னால் பக்கத்து வீட்டார் இரண்டு பேர். அப்பா, எங்களுக்கு நைனா, ஊரிலேயே உயரமானவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். நான் அவர் தோளுக்குத்தான் வருவேன். கட்டில் என் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. அக்கா ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உனுக்குக் கை வலிக்கல?" என்று கேட்டாள். ரெட்டைப்பனை தாண்டிய பிறகு அவள் பேசவில்லை. எருமைப்பாறை கண்ணில் தெரிகிற இடத்தில், பின்னாலேயே ஓடிவந்த அம்மா, "எறக்குங்க" என்றாள். இறக்கினோம். அதற்கு மேல் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வாயும் வயிறுமாக இருக்கிறவள் அப்படியே போய்விட்டால் எங்கள் பக்கத்தில் வழியோரம் சுமைதாங்கி வைப்பார்கள். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் அவள். வழியில் போகிற யாரோ ஒருவர் அந்தக் கல்லில் தம் சுமையை இறக்கி ஒரு மூச்சு விட்டால், அங்கே அவளுக்கும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை. வீட்டு ஆட்கள் இறக்கினால் அது சேராது. கேட்டுக்கொண்டு இறக்க வைத்தாலும் சேராது. பாரம் தாங்காமல் வருகிறவர் தாமாக வந்து இறக்க வேண்டும். படித்தவனாகிய நான் இதை நம்புகிறேனா என்றால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா நம்பினாள். அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

கல் சொல்லப் போனது நைனா, அக்கா புருஷனான பாவா, நான், மூன்று பேர். பெண்கள் அந்தக் காரியத்துக்கு வருவதில்லை. கல் தச்சர் எருமைப்பாறைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா ஒசரம் வெக்கட்டும்?" என்று கேட்டார்.

"சும எறக்குற ஒசரம்" என்றார் நைனா.

"அதான் எவ்ளோன்றேன். ஊருக்கு ஒரு மாதிரி கேக்கறாங்க. நீயே வந்து நில்லுண்ணா."

நைனா அங்கே கிடந்த கோணியில் கல் சில்லுகளை அள்ளிப் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். தச்சர் ஒரு மூங்கிலை நிமிர்த்திப் பிடித்து, நைனாவின் காதுக்கு நேராகக் கரிக்கோடு போட்டார். "இந்த ஒசரம் இருந்தா தலைய லேசா சாச்சாப் போதும். மூட்டை தானா ஒக்காந்துக்கும்" என்றார். நைனா தலையைச் சாய்த்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. "நல்லா எடுப்பா இருக்கட்டும் மாமா" என்றார் பாவா. அக்காவின் பெயரை நான் பலகைக்கல்லின் முகப்பில் கரியால் எழுதிக் கொடுத்தேன். அதன்மேலேயே உளி நடந்தது. என் எழுத்து கல்லில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

சித்திரையில், கட்டிலை இறக்கின அதே இடத்தில், கல்லை நட்டுப் பொங்கல் வைத்தோம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அக்காவின் புடவை ஒன்றைச் சார்த்தினோம். பாவா சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் காலையிலிருந்து அம்மா காத்திருக்க ஆரம்பித்தாள்.

சாலைக்கு எதிரில் ஒரு நிலத்தில் அவளுக்குக் களை எடுக்கிற வேலை. நான் ஆபீஸுக்குப் போகிற வழியில் அவளுக்குக் கஞ்சிக் கலயத்தைக் கொடுத்துவிட்டுப் போவேன். அப்படிக் கொடுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் விறகுக்காரிகள் வந்தார்கள். முன்னால் வந்தவள் வாய்க்காரி. வரிசைக்கு அவள்தான் தலைவி மாதிரி. கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். கட்டு தலையில் இருந்ததால் முகத்தை நிமிர்த்த முடியாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள். பலகைக்கல் அவள் உச்சந்தலைக்கும் மேலே இருந்தது.

"இது யாருக்குடி கட்டி வெச்சிகிறான்? கோயில் ஆனைக்கா?" என்றாள்.

"ஆனைக்கு எதுக்கு, அது தும்பிக்கையால எறக்கிக்கும். இது ஒட்டகத்துக்கு" என்றாள் பின்னால் வந்தவள்.

"நீ ஒட்டகத்தப் பாத்தவளாடி?"

"எங்க மாமியாளப் பாத்துகினு இருக்கறேனே, போதாதா?"

தலை அசையாமல், கழுத்து அசையாமல், எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நடந்து போனார்கள். அம்மா களைக்கொத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அது யாருடைய கல் என்று அவள் அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கேட்டு இறக்க வைத்ததாகிவிடும்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது நைனா முன்னால் சோறு இருந்தது. அம்மா எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு ஒசரத்துக்கு அளந்த?"

"எவன் சுமந்தாலும் எறக்கணும்னுதான் அளந்தேன்."

"எவன் சுமக்கறான் அந்த வழியில? ஆம்பளைங்கல்லாம் வண்டியில போறான், பஸ்ஸுல போறான், துணிமூட்டைய தோள்ல மாட்டிகினு போறான். தலையில வெச்சிகினு போறது யாரு? உன் கண்ணுக்கு ஒரு பொம்பள கூடவா ஆப்புடல?"

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"பேத்துட்டுக் கொறச்சி வையேன்" என்றாள் அம்மா.

"நட்டுப் பூஜ போட்ட கல்லு. பேத்தா அவளயே இன்னொரு வாட்டித் தூக்கிப்போட்ட மாதிரி. நான் செய்ய மாட்டேன்."

அதுவும் உண்மைதான். அம்மாவுக்கும் அது தெரியும். அதற்குப் பிறகு அவள் நைனாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு ஆபீஸ் வேலையோடு இந்த வேலையும் சேர்ந்துகொண்டது. "உங்க அம்மாவ எண்ணெ இருக்குதான்னு கேளு" என்பார் ஒருவர். "உங்க நைனாவ கோழியப் புடிச்சி அடைக்கச் சொல்லு" என்பாள் இன்னொருத்தி. இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பார்கள். நான் நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பேன். பகலில் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஜனங்களுக்கும் உள்ளே இருக்கிற அதிகாரிக்கும் நடுவில் செய்வதும் இதே வேலைதான்.

சாலை தானாக ஒரு பெயரை வைத்துக்கொண்டது. கல்லில் நான் எழுதிக் கொடுத்த பெயரைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த வழியில் அதிகம் இல்லை. நெட்டைக்கல்லு என்று முதலில் யார் சொன்னார்களோ தெரியாது. ஒரு நாள் ரேஷன் கார்டுக்காக வந்த ஒருவரிடம் விலாசம் கேட்டேன். "நெட்டைக்கல்லுக்கு எதிர்க்க கொட்டா போட்டுகினு இருக்கறோம் சார்" என்றார். நான் எழுதாமல் பேனாவை மறுபடி மைக்கூட்டில் தோய்த்தேன். "எழுதுங்க சார். அது எல்லாருக்கும் தெரியுமே, கரி பஸ்கூட அங்க நிக்கிது" என்றார். எழுதினேன். வேறு என்ன செய்வது.

நைனா தன்னால் ஆனதைச் செய்துபார்த்தார். கண்டிகைப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த ஒருவர், கிட்டத்தட்ட அவர் உயரம், வண்டி மாடு செத்துப்போனதால் வேர்க்கடலை மூட்டையைத் தலையிலேயே டவுனுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். நைனா அவரிடம் பேசியிருக்கிறார். அந்த மனுஷர் நல்லவர். கல்லில் மூட்டையை இறக்கிவிட்டு, நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, "எறக்கிட்டேம்மா. உங்க ஊட்டுக்காரு சொன்னாரேன்னு இந்தப் பக்கமா வந்தேன். இல்லாங்காட்டி குறுக்கு வழியில பூட்டிருப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னாள். "பொண்ணுக்குப் பிச்சை எடுத்துகினு வந்துகிறாருடா உங்க நைனா." நைனா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். தூங்குகிற மாதிரி இருந்தார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. யுத்தமாவது பஞ்சமாவது, அந்த நாட்களில் சாலை தெரியாமல் ஜனம் வரும். சித்தூர்ப் பக்கமிருந்து மஞ்சள் துணியும் பூக்காவடியுமாக நடந்தே வருவார்கள். ஆபீஸுக்கு விடுமுறை. நானும் சாலைப் பக்கம் போய் நின்றேன். நெட்டைக்கல்லின் நிழலில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தூணில் முதுகைச் சொறிந்துகொண்டார். இன்னொருவர் ஈர வேட்டியை மேலே வீசிக் காயப்போட்டார். காவடியைத் தோளை விட்டு இறக்கிச் சாய்த்து வைக்க அந்த உயரம் உதவவில்லை, ரெட்டைப்பனைதான் உதவியது.

மத்தியானம் தெலுங்கு பேசுகிற ஒரு குடும்பம் வந்தது. அந்தப் பெண்ணின் இடுப்பில் பால் மறக்காத குழந்தை. அவள் புருஷன் ஒரு புடவையைப் பலகைக்கல்லின் மேல் வீசி முடிச்சுப் போட்டுத் தூளி கட்டினான். நின்ற வாக்கில் ஆட்டுவதற்குக் கச்சிதமான உயரம். குழந்தையை அதில் போட்டதும் தூங்கிவிட்டது. தாயும் கீழே துண்டை விரித்துப் படுத்தாள். அம்மா மோர்க் கலயத்தோடு வந்தவள் பார்த்துவிட்டாள். கலயத்தைக் கீழே வைக்காமலே நின்றாள். தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் ஏரிக்கரைமேல் நைனாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது நைனா நேராகவே அம்மாவிடம் பேசினார்.

"பாத்தியாமே. யாரும் கேக்கல, யாரும் சொல்லல. புள்ளயவே எறக்கி வெச்சிட்டுத் தூங்கினாங்க. இதுக்கு மேல இன்னா சும ஓணும் உனுக்கு?"

அம்மா பதில் சொல்ல மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் சொன்னாள்.

"புள்ள சுமையாயா?"

"பின்ன? அதுக்குத்தான கல்லே வெச்சிகிறோம்?"

"அவளுக்குப் புள்ள சும இல்ல. வயித்து மேல கைய வெச்சிகினே ஊட்டச் சுத்திச் சுத்தி வந்தா, நீ பாக்கல? எறக்கி மடியில போட்டுக்க முடியாத பூட்ச்சே, அதான் சும. அந்தப் பொம்பள புள்ளயத் தூங்கவெச்சா. சுமைய எறக்கல. வெறகு எறங்கட்டும். கரி எறங்கட்டும். கழுத்து ஒடிய சொமந்து வரவ எறக்கட்டும்."

நைனா எழுந்து கை கழுவினார்.

மறுநாளிலிருந்து அம்மா மண் சுமக்க ஆரம்பித்தாள். ஏரி வறண்டு கிடந்தது. அந்த மாதங்களில் ஊரார் ஏரியில் வண்டல் வெட்டி நிலத்துக்கு அடிப்பது வழக்கம். அவள் களை எடுத்து முடித்த பிறகு, கூடையை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கி, வெட்டிப்போட்ட மண்ணில் ஒரு கூடை அள்ளிக்கொண்டு வந்து கல்லின் காலடியில் கொட்டுவாள். கல்லைத் தாழ்த்தக் கூடாதென்றால் தரையை உயர்த்தலாம் அல்லவா. கொட்டிவிட்டுக் கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டின்மேல் ஏறி நின்று பார்ப்பாள். எட்டாது. மறுபடி ஏரிக்குப் போவாள்.

"உங்க அம்மாவ நிறுத்தச் சொல்லு. ஊரு சிரிக்கிது" என்றார் நைனா என்னிடம்.

"ஊரு சித்திரையிலேருந்தே சிரிச்சிகினுதான் இருக்குது" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போனேன். மண் நனைந்திருந்தால் கனம், காய்ந்திருந்தால் காற்றில் பறக்கும். கையில் கொப்புளம் வந்து, திங்கட்கிழமை பேனா பிடிக்க முடியாமல் விரலில் துணி சுற்றிக்கொண்டு எழுதினேன். பக்கத்து நாற்காலிக்காரர், "இன்னா சார், ஊட்ல சண்டையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்லுகிற தெம்பு இல்லை.

மண் குவியல் அகலமாகிக்கொண்டே போனதே தவிர உயரவில்லை. கொட்டக் கொட்டச் சரிந்தது. ஒரு நாள் சாயங்காலம் நான் வருகிறபோது நைனா அங்கே இருந்தார். எருமைப்பாறையடியில் கிடந்த உடைகல்லை எல்லாம் தோளில் தூக்கிவந்து, மேட்டைச் சுற்றிக் கரை கட்டிக்கொண்டிருந்தார். அம்மா உள்பக்கம் மண்ணைக் கொட்டினாள். நைனா மண்ணை மிதித்தார். நான் சட்டையைக் கழற்றி ரெட்டைப்பனையடியில் வைத்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டேன். கடைசியில் அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறி நின்று தலையைச் சாய்த்தாள். கூடை நழுவிப் பலகைக்கல்லின் மேல் உட்கார்ந்தது. நைனா பக்கத்தில் போய் நின்று பார்த்தார். அவருக்கு அது இப்போது நெஞ்சளவுதான் இருந்தது.

ஆனாலும் யாரும் இறக்கவில்லை. விறகுக்காரிகளுக்கு மதகுச் சுவர்தான் பழக்கம். கால் தானாக அங்கே நின்றுவிடும். அங்கே சண்டை போட்டு, ஏற்றிவிட்டு, அதே வேகத்தில் நெட்டைக்கல்லைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதைத் திரும்பிப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். புரட்டாசியில் பெய்த மழையில் மேட்டின் ஒரு பக்கம் கரைந்து போனது. மறுபடி கட்டினோம். கட்டி முடிப்பதற்குள் அம்மா முறைக்காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். மிச்சத்தை நைனாவும் நானும் முடித்தோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் எடுக்கும். போர்த்திக்கொண்டு, "இன்னிக்கி?" என்று மட்டும் கேட்பாள். "இல்லம்மா" என்பேன். ஆபீஸிலும் அதே வார்த்தை, வீட்டிலும் அதே வார்த்தை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, மதகுச் சுவரைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் நின்றது. கரையில் அந்த இடம் முழங்கால் சேறு. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செருப்பைக் கையில் பிடித்தபடி ஆபீஸுக்குக் கிளம்பினேன். ரெட்டைப்பனைக்கிட்ட போகிறபோது எனக்கு முன்னால் விறகுக்காரிகள் போய்க்கொண்டிருந்தார்கள். கட்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாய்க்காரியின் குரல் கேட்டது.

"நில்லுங்கடி. மதகுலயும் எறக்க முடியல, கழுத்து கழண்டுடும் போலக்குது."

"எங்க எறக்குவ, நெட்டைக்கல்லுலயா?"

"ஏன், எறக்குனா இன்னா? கிட்டப் போய்ப் பாரு. எவனோ மண்ணக் கொட்டி மேடு பண்ணிகிறான்."

அவள் மேட்டில் கால் வைத்து ஏறினாள். கல்லுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். தலையை லேசாகச் சாய்த்தாள். கட்டு ஒரு முறை ஆடி, பலகைக்கல்லின் மேல் உட்கார்ந்தது. அவள் இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிமிர்ந்தாள். நிமிர்ந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு ஒரு மூச்சு விட்டாள். நான் நின்ற இடத்துக்கு அது கேட்டது.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "இன்னா சார், வழி ஓணுமா? கொஞ்சம் தள்ளியே போங்க. கட்டு உருண்டா உங்க வேட்டி கிழிஞ்சிடும்."

தள்ளிப் போய் நின்றேன். அவள் குனிந்து, கட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, யாரும் தூக்கிவிடாமல் தானே நிமிர்ந்து இறங்கிப் போனாள். "ஏய், தூக்கிவுட ஆளே வேணாம்டி" என்று பின்னால் வந்தவளிடம் சொன்னாள். அவள் ஏறினாள். பிறகு அடுத்தவள். மழைத் தூறல் விழுந்துகொண்டே இருந்தது. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. நான் திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா பாயில் சுருண்டு படுத்திருந்தாள்.

"ஆபீசு போவல?"

"எறக்கிட்டாங்கம்மா."

கண்ணைத் திறந்தாள். "யாரு?"

"வெறகுக்காரிங்க."

"நீ எதுனா சொன்னியா?"

"இல்ல. தள்ளி நில்லுன்னு என்னியே தொரத்திட்டாங்க."

"உங்க நைனா?"

"அங்க இல்ல. நாத்து வுட சேடை ஓட்ட நெலத்துக்குப் போயிகிறாரு."

அவள் யோசித்தாள். "ஈர வெறகா?"

"ஈரந்தான். தண்ணி சொட்டிகினு இருந்துச்சி."

"அப்ப கனமாத்தான் இருந்திருக்கும்." பிறகு கேட்டாள். "எறக்கிட்டு இன்னா பண்ணா?"

"கழுத்தப் புடிச்சிகினு நின்னா. மூச்சு வுட்டா."

"பெருசாவா?"

"ஆங். பெருசா."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அழுகிறாள் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் வந்தது.

நைனா காலெல்லாம் சேறாக வந்தார். வாசலிலேயே அவரிடம் சொன்னேன். அவர் வாசல் நிலைக்குக் கீழே குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். குனிந்தபடியே நின்றார்.

"எழுப்பலாமா நைனா? கஞ்சி காச்சணும்."

"தூங்கட்டும். நான் காச்சிக்கறேன்." காலைக் கழுவத் தண்ணீர் மொண்டுகொண்டே சொன்னார். "நீ ஆபீசு போ. அரை நாளாவது போடுவாங்க."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பினேன்.